பச்சை விளக்கு எரிந்த படலை

"சத்தத்தைக் கூட்டும்," என்றாள் ஜெயந்தா.

"கூட்டினால் இந்த வளவில இருக்கிற காகமெல்லாம் பறந்திடும் அக்கா. இப்பவே தாங்க ஏலாமல் கிடக்கு." முகத்தைச் சுளித்துக்கொண்டே டிலோன் கைபேசித் திரையில் விரலை ஓட்டினான்.

திரையில் மாதா கோயில் திருநாள். போன ஞாயிற்றுக்கிழமை காலை பேஸ்புக்கில் நேரடியாகப் போன காட்சி. ஆண்கள் சிலர் திருச்சொரூபத்தைத் தோளில் தூக்கி வர, பின்னால் ஊர்வலம். பாட்டு ஒருவர் தொண்டையில் தொடங்கி இன்னொருவர் தொண்டையில் இடறி விழுந்துகொண்டிருந்தது.

"மாதா பொறுமைசாலி. இல்லாட்டி இறங்கி நடந்திருப்பா," என்றான் டிலோன்.

ஜெயந்தா சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய் விபத்துகளையும் பொய்த் தீயையும் பிடித்துப் பிடித்தே பாதி வயதைக் கழித்தவள் அவள். அந்த வேலையை விட்டு யாழ்ப்பாணத்தில் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கியபோது, வாகனத்துக்காகத்தான் டிலோனைச் சேர்த்தாள். ஓட்டோவோடு அவன் வாயும் சேர்ந்து வந்தது.

எதிரே கதிரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தான் ஜெனோசன். அவளைக் கூப்பிட்டவன் அவன்தான். நாரந்தனைக் கரையோரம் இருந்த இந்த ஒற்றை அறைதான் அவனுடைய வீடும் பட்டறையும்.

"அதோ சம்மாட்டியார்," அவன் திரையைத் தொட்டுக் காட்டினான். வெள்ளை வேட்டியும் குருசுச் சங்கிலியுமாக நடந்து வந்தார் ஊரின் மீன்பிடி முதலாளி பஸ்ரியாம்பிள்ளை. சங்கிலிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி மினுங்கியது. "கழுத்தில சாவி வடிவாத் தெரியுது. முன்னுக்கு வலப் பக்கம் தூக்கிறது என்ர நிரோஜினி அக்காவின்ர புருசன், றஜீபன் அத்தான்."

இந்தப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில்தான், கோயிலுக்கு அப்பால், பஸ்ரியாம்பிள்ளையின் கடலட்டைப் பண்ணை வெறுமையாகியது. முழங்கால் தண்ணீரில் தடி நட்டு, சுற்றிவர வலை கட்டி, மண்ணுக்குள் வளர விட்ட அட்டைகள். பிடித்து வெளிநாட்டுக்கு நல்ல விலைக்கு அனுப்பும் பருவத்துக்கு வந்துவிட்டவை. ஒன்றும் மிஞ்சவில்லை.

பண்ணையின் மூலைத் தடிகளில் ஜெனோசன் செய்த பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு மின்னணுப் போர்ட். வைஃபை அதற்குள்ளேயே இருப்பதால் வயர் இல்லாமலே ஒன்றோடு ஒன்று பேசும். ஆள் கிட்டப் போனால் அபாயச் சங்கு அலறும். பண்ணைக்காரரே உள்ளே போய்வர வேண்டுமே? அதற்குத்தான் சாவி. அதுவும் அதே மாதிரி இன்னொரு போர்ட், பற்றரியோடு கழுத்தில் தொங்கும். ஒரே ஒரு இரகசியச் சொல்லைக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சொல்லைக் கேட்டால் பெட்டி வாய் திறக்காது.

ஞாயிறு காலை பெட்டிகள் வாய் திறக்கவில்லை.

சாவிகள் மூன்று. ஒன்று சம்மாட்டியார் கழுத்தில். இன்னொன்று அவர் வீட்டு அலுமாரியில், பூட்டுக்குள். மூன்றாவது ஜெனோசனின் அறை ஆணியில். திருநாளுக்கு வராதவனும் ஜெனோசன். ஊருக்கு அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பொலிஸ் கூப்பிட்டு விசாரித்தது. நாளை மறுபடி வரச் சொல்லியிருந்தது. இந்த முறை திரும்பி வரமாட்டான் என்று சந்தியில் கதை. எழுவைதீவு வரை அவன் பூட்டிக் கொடுத்திருந்த பெட்டிகளை எல்லாம் பண்ணைக்காரர்கள் கழற்றி வந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவன் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

"திருநாளுக்கு ஏன் போகேல்லை தம்பி?" என்று கேட்டாள் ஜெயந்தா.

"காய்ச்சல். நிரோஜினி அக்கா விடியவே கஞ்சி கொண்டு வந்தவ. வெளிக்கிடாதை, படு எண்டு கதவைச் சாத்திப்போட்டுப் போனவ. அம்மா செத்த பிறகு அவதான் என்னை வளத்தவ."

"இப்ப ஊரில ஆரும் உம்மோட கதைக்கினமோ?"

"அக்காவின்ர தெருப் பொம்பிளையள் மட்டும், அவவோட கோயிலில பாடுறவை. மாறி மாறிச் சாப்பாடு கொண்டு வருகினம். இது செபஸ்தியம்மா அன்ரி தந்தது." மேசையில் மூடியிருந்த கோப்பையைக் காட்டினான். "நீ செய்யேல்லை எண்டு எங்களுக்குத் தெரியும் மோனை எண்டு தலையைத் தடவிப்போட்டுப் போனவ." கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பெட்டி பழுதாப் போயிருக்கலாம்தானே?" என்றான் டிலோன்.

"அக்காவும் அதைத்தான் சொல்லச் சொல்லி அழுதவ. பழுது எண்டு சொல்லு, பிரச்சினை முடிஞ்சிடும் எண்டு. பிழைக்காததைப் பிழைச்சது எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

அவன் ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தான். டிலோன் குனிந்து பார்த்த அதே கணம் சங்கு அலறியது. டிலோன் கதிரையோடு பின்னால் சரிந்தான். ஜெனோசன் ஆணியிலிருந்த சாவிக்குப் பற்றரியைப் போட்டுக் கிட்டக் கொண்டு வந்தான். சத்தம் அடங்கியது. பெட்டியின் சிவப்பு விளக்கு பச்சையானது.

"ஊர்வலப் பாட்டை விட இது சுருதியா இருக்கு," என்றான் டிலோன், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

ஜெயந்தா பச்சை விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பெட்டி பிழைக்கேல்லை. அப்ப அது அண்டைக்குச் சொல்லைக் கேட்டிருக்கு. நீர் சொல்லுறது உண்மையெண்டால் மூண்டு சாவியும் அசையேல்லை. அப்ப எங்கையோ நாலாவது ஒண்டு இருக்கு."

"நான் மூண்டுதான் செய்தனான் அக்கா."

"இருக்கட்டும். பெட்டிக்குக் காது இருக்குதெல்லே? அதையே கூட்டிக்கொண்டு ஊரைச் சுத்துவம். சங்கைக் கழட்டும். விளக்கு மட்டும் போதும்."

ஜெனோசனின் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. தன் சாவியின் பற்றரியைக் கழற்றி எறிந்துவிட்டு, பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முதல் ஆளாக வெளியே இறங்கினான்.

கரைப் பாதையில் விளக்கு சிவப்பாகவே இருந்தது. வற்றுத் தண்ணீரில் பண்ணைத் தடிகள் வரிசையாக நின்றன.

"இதுக்குள்ள வலை கட்ட முதல் என்ன இருந்தது?" என்று கேட்டாள் ஜெயந்தா.

"வாய்க்கால். சின்ன வள்ளங்கள் இதாலதான் போறது. வத்துக்குப் பொம்பிளையள் இறங்கி நண்டும் மட்டியும் பொறுக்குவினம்."

"இப்ப?"

"இப்ப சுத்திப் போகினம்," என்றான் அவன், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சரி, அட்டையைப் பிடிச்சால் அடுத்தது என்ன செய்யவேணும்?"

"அண்டைக்கே குடலை எடுத்து அவிக்கவேணும். விட்டால் கூழாக் கரைஞ்சு போயிடும்."

"அவ்வளவையும் அவிக்கிற கிடாரம் ஊரில எங்கை இருக்கு?"

"கோயில் குசினியில." ஜெனோசன் நின்றுவிட்டான். "ஆனா ஞாயிற்றுக்கிழமை அதில திருநாள் சமையல் எல்லே."

"வெளியூர் வள்ளம் வந்து ஏத்தியிருந்தால்?"

"வள்ளம் எண்டால் கோயில் கரையைக் கடந்துதான் இங்கை வரவேணும். தெரியாத வள்ளம் எண்டால் நூறு பேர் கண்டிருப்பினம்."

"அப்ப எடுத்த ஆக்களுக்கு அட்டை தேவைப்படேல்லை," என்றாள் ஜெயந்தா.

"தேவையில்லாததை ஆர் அக்கா களவெடுக்கிறது?" டிலோன் தலையைச் சொறிந்தான். "என்ர ஓட்டோவைச் சந்தியில சாவி போட்டபடி விட்டாலும் ஒருத்தரும் தொடுறேல்லை."

கோயிலைத் தாண்டினார்கள். சிவப்பு. கடையைத் தாண்டினார்கள். சிவப்பு. ஒரு மாடி வீட்டு மதிலோரம் வந்ததும் விளக்கு பளிச்சென்று பச்சையானது.

"பிடிச்சாச்சு!" டிலோன் கத்தினான்.

"எதைப் பிடிச்சது?" வாசலில் வந்து நின்றார் பஸ்ரியாம்பிள்ளை. கழுத்தில் சாவி ஆடியது.

டிலோன் தொண்டையைச் செருமினான். "உங்களைத்தான் சம்மாட்டியார். வீட்டில நிக்கிறியளோ எண்டு பாக்க வந்தனாங்கள்."

அவர் அவனைக் கவனிக்கவில்லை. ஜெனோசனையே பார்த்தார். "உன்னை நம்பித்தான் காவலுக்குப் படுத்த ஆளை நிப்பாட்டினனான். நாளைக்குப் பொலிசில கதைப்பம்." கதவு அடைத்துக்கொண்டது.

ஜெனோசன் இன்னும் வேகமாக நடந்தான். கிழக்குத் தெருவுக்குள் திரும்பினார்கள். முதல் வீடு சிவப்பு. இரண்டாவது வீடு சிவப்பு. கிடுகு வேலியும் தகரப் படலையுமாக அடுத்த வீடு.

பச்சை.

டிலோன் வாயைத் திறந்தான். ஜெனோசனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

ஜெனோசன் பெட்டியைக் கையால் தட்டினான். பின்னுக்கு நகர்ந்தான். சிவப்பு. முன்னுக்கு வந்தான். பச்சை. மறுபடியும் பின்னுக்கு, மறுபடியும் முன்னுக்கு.

"இது ஆரின்ர வீடு தம்பி?" என்று கேட்டாள் ஜெயந்தா மெதுவாக.

"பெட்டிதான் பிழை அக்கா," என்றான் ஜெனோசன். இத்தனை நாளும் பொலிசுக்கும் ஊருக்கும் சொல்ல மறுத்த வார்த்தை தானாக வந்தது. "பெட்டி பிழைச்சுப் போச்சு."

படலை திறந்தது. ஈரக் கையைச் சட்டையில் துடைத்தபடி நிரோஜினி நின்றாள். "என்ன தம்பி வெயிலுக்க நிக்கிறாய்? உள்ளுக்கு வா." பிறகுதான் மற்ற இருவரையும் கண்டாள். பிறகு பெட்டியை. அதில் எரிந்த பச்சையை.

உள்ளே போனார்கள். ஜெயந்தா கேட்டுக்கொண்டபடி ஜெனோசன் பெட்டியை அறைக்குள் அங்குமிங்கும் கொண்டுபோய், பச்சை விளக்கு வாசலருகே விட்டு விட்டும் அலுமாரிக்குப் பக்கத்தில் விடாமலும் எரிவதைக் காட்டினான்.

"அலுமாரியைத் திறக்கலாமோ தங்கச்சி?"

"சீலைதான் கிடக்கு," என்றாள் நிரோஜினி. தடுக்கவில்லை.

மேல் தட்டில், பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு நட்சத்திரம் இருந்தது. பிளாஸ்ரிக்கில் வெட்டி, உள்ளே குட்டி மின்குமிழ்கள் வைத்தது. நத்தாருக்கு, கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கு மேலே தொங்கவிடுவது.

"இது நான் செய்தது," ஜெனோசன் குரல் எழும்பாமல் சொன்னான். "சாவிக்கெண்டு முதல் முதல் எழுதிப் பாத்த போர்ட் இது. குமிழ் மினுங்கிறதுக்கு நாலு வரி சேர்த்துக் குடிலுக்குப் போட்டனான். பழைய சொல்லை அழிக்கேல்லை. மறந்தே போனன்." உடனே நிமிர்ந்தான். "இது சும்மா கிடந்தது அக்கா. இதுக்கும் களவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான்தான் குடுத்தனான்."

ஜெயந்தா நட்சத்திரத்தைக் கையில் எடுத்துத் திருப்பினாள். "ஒருக்கா சார்ஜ் போட்டால் எவ்வளவு காலம் நிக்கும்?"

"ஒரு கிழமை நிண்டால் பெரிசு."

"நத்தார் போய் எட்டு மாசம். இந்த ஓகஸ்ட் மாசத்தில நத்தார் நட்சத்திரத்துக்கு ஆர் சார்ஜ் போட்டது?"

ஜெயந்தா விரலால் நட்சத்திரத்தின் விளிம்பைத் தடவிக் காட்டினாள். வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"சுவிச்சை அமத்தினதும் குமிழ் நூந்திருக்கும். எல்லாம் நிண்டிட்டுது எண்டு நினைச்சுச் சுத்தி வைச்சிருக்கிறியள். சுவிச் குமிழை மட்டும்தான் நிப்பாட்டும். அப்பிடித்தானே தம்பி?"

ஜெனோசன் தலையாட்டவில்லை. அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத்தானோ?" என்று கேட்டான். "அத்தான் எடுத்துக்கொண்டு போனவரோ? சொல்லுங்கோ அக்கா."

"அத்தான் சொரூபம் தூக்கினதை நீரே காட்டினனீர்," என்றாள் ஜெயந்தா. "டிலோன், அந்தப் பாட்டை இன்னொருக்காப் போடும்."

"அக்கா, இது துக்க வீடு மாதிரிக் கிடக்கு, இப்பப் போய்..."

"போடும்."

கரகரத்த ஆண் குரல்கள் அந்த அறைக்குள் இடறி விழுந்தன. கொஞ்ச நேரம் எல்லாரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். டிலோனுக்குத்தான் முதலில் உறைத்தது. அவன் முகத்தில் இருந்த பகிடி இறங்கிப் போனது.

"பொம்பிளைக் குரல் ஒண்டும் இல்லை," என்றான்.

"மாதா கோயில் திருநாளில, மாதா பாட்டுக்கு," என்றாள் ஜெயந்தா. "இந்தத் தெருப் பொம்பிளையள்தானே கோயிலில பாடுறவை? சமையலில நிக்கினம் எண்டு ஊர்வலத்தில நிண்டவை நினைச்சிருப்பினம். ஊர்வலத்தில நிக்கினம் எண்டு குசினியில நிண்டவை நினைச்சிருப்பினம். இவை நிண்டது வத்துக் கடலில. நண்டு பொறுக்கப் பழகின கை. அட்டை பொறுக்க எவ்வளவு நேரம் செல்லும்? அவிக்கவும் இல்லை, விக்கவும் இல்லை. வேலிக்கு வெளியால, ஆழத்தில கொண்டு போய் விட்டிட்டினம். சரியோ தங்கச்சி?"

நிரோஜினி கதிரையில் உட்கார்ந்தாள்.

"ஓம்," என்றாள்.

ஜெனோசன் சிரித்தான். அழுகைக்கு முதல் வரும் சிரிப்பு அது. "எல்லாருமோ?"

"எல்லாரும்."

"செபஸ்தியம்மா அன்ரியுமோ?"

"ஓம்."

"இண்டைக்கு விடிய மீன்குழம்பு கொண்டு வந்து தந்தவ அக்கா. என்ர தலையைத் தடவினவ. நீ செய்யேல்லை எண்டு எங்களுக்குத் தெரியும் எண்டவ." மூச்சு இழுத்தான். "தெரியும்தான். நல்லாத் தெரிஞ்சிருக்கும். இந்தத் தெருவில எனக்கு மட்டும்தான் தெரியாது."

"நீ சொல்லித்தான் எனக்கு அந்த நட்சத்திரத்தைப் பற்றித் தெரியும்," என்றாள் நிரோஜினி. "நத்தாருக்குச் சாப்பிட்டுக்கொண்டு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னனி, இதைக் கொண்டு போனால் சங்கு ஊதாது எண்டு. அப்ப என்ர மனசில ஒண்டும் இருக்கேல்லை. சத்தியமா. வாய்க்காலை மூடினாப் பிறகு உன்ர அத்தான் சுத்திப் போய் வலை விட்டு, ஒருநாள் காத்தில கவிண்டு, மற்ற வள்ளம் காணாமல் இருந்திருந்தால் ஆள் இல்லை. அண்டைக்கும் நீ பண்ணையில பெட்டி பூட்டிக்கொண்டு நிண்டனி. அந்த வேலியால எங்களுக்கு என்ன எண்டு ஒரு நாளாவது கேட்டனியோ?"

ஜெனோசன் கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தான். அவள் நிறுத்தவில்லை.

"பண்ணை நட்டப்பட்டால் தடியைப் புடுங்குவினம் எண்டு நினைச்சம். பெட்டி பழுது எண்டு நீ சொல்லுவாய், அதோட முடிஞ்சிடும் எண்டு நினைச்சம். நீ சொல்லேல்லை. கெஞ்சினன். நீ கேக்கேல்லை."

"கதவைச் சாத்திப்போட்டுப் போனனீங்கள்," என்றான் ஜெனோசன். "கஞ்சியைத் தந்து, போர்த்து விட்டு, ஆரும் என்னைக் காணாத மாதிரிக் கதவைச் சாத்திப்போட்டு நேர கடலுக்குப் போனனீங்கள்."

"உனக்குக் காய்ச்சல்தான் தம்பி. அது உண்மைக் காய்ச்சல்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பெட்டியை நிப்பாட்டியிருப்பன் அக்கா."

"அது எனக்குத் தெரியும்." அவள் கண்ணீர் அப்போதுதான் வந்தது. "அதாலதான் கேக்கேல்லை. கேட்டிருந்தால் உன்னையும் கள்ளன் ஆக்கியிருப்பன்."

"இப்ப என்னை ஊர் என்னெண்டு சொல்லுது?"

நிரோஜினி முகத்தை மூடிக்கொண்டாள்.

ஜெயந்தா டிலோனைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். இருவரும் வேலியைப் பார்த்தபடி நின்றார்கள். டிலோன் பேசாமல் நின்று அவள் அதுவரை பார்த்ததில்லை.

சிறிது நேரத்தில் ஜெனோசன் வெளியே வந்தான். "நீங்கள் கண்டுபிடிச்சதைப் பொலிசில சொல்லவேணுமோ அக்கா?"

"என்னைக் கூப்பிட்டது நீர். உம்மட பேரைக் காப்பாத்தத்தான் வந்தனான். ஆருக்கு என்ன சொல்லுறது எண்டதை நீர்தான் சொல்லவேணும்."

அவன் தெருவைப் பார்த்தான். வேலி ஓரங்களில் ஒவ்வொருத்தியாகப் பெண்கள் வந்து நின்றார்கள். செபஸ்தியம்மாவும் நின்றாள். யாரும் அவனுடைய கண்ணைப் பார்க்கவில்லை.

"சம்மாட்டியாரிட்டைப் போவம்," என்றான். "இவ்வளவு நாளும் உண்மையைத்தான் சொன்னனான். இண்டைக்கு மட்டும் ஏன் பொய் சொல்லவேணும்?"

அவன் சொல்லி முடிக்க முதலே நிரோஜினி படலையைத் தாண்டிவிட்டாள். "நீ சொல்லத் தேவையில்லை. நானே சொல்லுறன்."

மாடி வீட்டு வாசலில் நின்று அவள் சொன்னாள். தான் தனியாகச் செய்ததாகத்தான் தொடங்கினாள். பஸ்ரியாம்பிள்ளை நம்பாமல், "தனியாவோ? மற்றது ஆர்?" என்று ஜெனோசனைக் கேட்டார். ஜெனோசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு பேரும் சொல்லவில்லை.

பின்னால் செருப்புச் சத்தம். செபஸ்தியம்மா முன்னுக்கு வந்தாள். பிறகு மற்றவர்கள். வாசல் நிறைந்துவிட்டது.

"வந்து கேட்டிருக்கலாமே!" சம்மாட்டியார் குரல் உடைந்தது. "நானும் இந்தக் கோயில் ஆள்தானே!"

"வந்தனாங்கள் அண்ணை," என்றாள் செபஸ்தியம்மா. "இதே வாசலில நிண்டனாங்கள். ஆள் இல்லை எண்டு சொல்லி விட்டனீங்கள். உள்ளுக்கு நீங்கள் இருமினது கேட்டது."

அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு தன் கழுத்திலிருந்த சாவியைக் கழற்றி ஜெனோசனிடம் நீட்டினார். "பொலிசில உன்ர பேரை எடுக்கச் சொல்லி நான் விடிய வாறன். இவையின்ர விசயத்தைக் கடற்தொழிலாளர் சங்கத்தில கதைப்பம். வாய்க்காலையும் கதைப்பம்." அவனைப் பார்க்க அவராலும் முடியவில்லை. "உன்னில பிழை இல்லை."

அந்த வார்த்தைக்காகத்தான் ஜெனோசன் இத்தனை நாள் சோறு இறங்காமல் இருந்தான். இப்போது கேட்டும் அவன் முகம் மாறவில்லை. சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே தன் அறைக்குப் போனான். இரண்டு சட்டையையும் வயர் ஒட்டும் சூட்டுக்கோலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து ஓட்டோவில் ஏறினான்.

நிரோஜினி ஓடி வந்து ஓட்டோவின் கம்பியைப் பிடித்தாள். "தம்பி, காலமையில இருந்து நீ ஒண்டும் சாப்பிடேல்லை. சோறு போட்டு வைச்சிருக்கிறன். ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போ."

அவன் அவளுடைய கையைக் கம்பியிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டான். முரட்டுத்தனமாக அல்ல.

டிலோன் ஓட்டோவைக் கிளப்பினான். தெருமுனை தாண்டும்வரை கண்ணாடியில் அவள் தெரிந்தாள்.

"எங்கை இறக்கிறது தம்பி?" என்று கேட்டான்.

ஜெனோசன் வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"என்னில பாசம் இல்லாத ஆக்கள் இருக்கிற இடம் ஏதும் இருந்தால், அங்கை இறக்குங்கோ அண்ணை."